உங்களுக்குத் தெரியுமா? வடலூர் அடுப்பு முதல் ஹேசில்டன் சுரங்கம் வரை

சங்கம் முந்தியது, அடுப்பு பிந்தியது

வடலூர் சத்திய தருமச்சாலையில் வள்ளலார் மூட்டிய அடுப்பு 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதியிலிருந்து, அதாவது பிரபவ வருடம் வைகாசி 11ஆம் நாளிலிருந்து, அணையாமல் எரிகிறது. இது ஊரறிந்த செய்தி. அந்த அடுப்புக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1865இல், அவர் ஒரு சன்மார்க்க சங்கம் கண்டுவிட்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதலில் மனிதர்கள் சேர்ந்தார்கள். பிறகு பார்வதிபுரத்து மக்கள் தங்கள் நிலத்தில் எண்பது காணி எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் உலை ஏறியது. வடலூர் என்று நாம் சொல்லும் இடத்தின் பெரும்பகுதி அன்று பார்வதிபுரம் தான். தனி வள்ளல் ஒருவர் தூக்கிக் கொடுத்த சொத்து அல்ல, ஓர் ஊரார் சேர்ந்து கொடுத்தது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தருமச்சாலை அடுப்பின் நீளம் 21 அடி. அண்டாக்கள் வரிசையாக ஏறும். சமையல் இல்லாத நேரத்திலும் விறகு எரிந்துகொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒருவர் சைக்கிள் கேரியரில் அரைமூட்டை அரிசி கொண்டு வருவார். லோடு வண்டியில் பூசணியும் கத்தரிக்காயும் வந்து இறங்கும். குழந்தையின் பிறந்தநாள் என்று ஒரு குடும்பம் பருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தக் குழந்தையோடு பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிடும். கொடுக்கிறவரும் சாப்பிடுகிறவரும் பல நேரம் ஒரே ஆள்தான்.


ஹேசில்டனில் பதின்மூன்று பேர்

அடுப்பு மூட்டிப் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து, 1886 பிப்ரவரி 21 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹேசில்டன் என்னும் நிலக்கரி ஊரில் ஹங்கேரி நாட்டுச் சுரங்கத் தொழிலாளிகள் பதின்மூன்று பேர் கூடினார்கள். பிழைக்கப் போன இடம். மொழி தெரியாது. உறவு இல்லை. சுரங்கத்தில் பாறை சரிந்து ஒருவன் கால் ஒடிந்து படுத்தால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. செத்தால் அடக்கம் செய்யக் காசிருக்காது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்து, விழுந்தவனைத் தாங்குவது என்று முடிவெடுத்தார்கள். தங்கள் நாட்டுப் பத்திரிகையாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜூலா வெர்ஹோவாயின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார்கள். அந்த வெர்ஹோவாய் உதவிச் சங்கம் 1955இல் ராகோசி என்ற இன்னொரு ஹங்கேரியச் சங்கத்தோடு இணைந்தது. இன்று வில்லியம் பென் அசோசியேஷன் என்ற பெயரில் ஆயுள் காப்பீடு கொடுக்கிறது, கல்வி உதவித்தொகை கொடுக்கிறது, தன் மக்களை ஆண்டுதோறும் கூட்டிக் கொண்டாடவும் வைக்கிறது.

இத்தகைய சங்கங்களுக்கு அமெரிக்காவில் வழிகாட்டியது 1868இல் அதே பென்சில்வேனியாவில், மீட்வில் ஊரில், ஜான் ஜோர்டன் அப்சர்ச் தொடங்கிய தொழிலாளர் சங்கம். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்ற ஒவ்வொருவரும் ஒரு டாலர் போட வேண்டும். தொகை அந்தக் குடும்பத்துக்குப் போகும்.

சட்டம் எப்போது வந்தது தெரியுமா? வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று பென்சில்வேனியாவில் 1915இல் சட்டமானது. இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923. அதுவரை தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்றது இன்னொரு தொழிலாளிதான்.

ஹேசில்டனுக்கு அருகில் லாட்டிமர் என்ற இடத்தில் 1897 செப்டம்பர் 10 அன்று, ஆயுதம் இல்லாமல் ஊர்வலமாகப் போன சுரங்கத் தொழிலாளிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 19 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். அப்படிப்பட்ட ஊரில் சங்கச் சந்தா என்பது வீட்டு வாடகைக்கு அடுத்து எடுத்து வைக்கிற பணமாக இருந்திருக்கும் என்பதில் ஆச்சரியமில்லை.

நமக்கும் சுரங்கம் தெரியாததல்ல. ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கியது நெய்வேலியின் கதை. நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று உருவானது. தருமச்சாலைக்கும் சுரங்கத்துக்கும் இடையே பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது.


யார் உள்ளே, யார் வெளியே?

உலகத்துச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு கோடு உண்டு. சந்தா கட்டியவருக்குத்தான் பலன். ஹேசில்டன் சங்கம் ஹங்கேரியர்களுக்காகத் தொடங்கியது. பின்னாளில்தான் மற்றவர்களுக்கும் கதவு திறந்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கையில் இருந்ததே கொஞ்சம், அதை எண்ணித்தானே பகிர முடியும்.

வள்ளலாரும் கோடு போட்டார். கொலை, புலால் தவிர்த்தவர்களை அக இனத்தார் என்றும், தவிர்க்காதவர்களைப் புற இனத்தார் என்றும் பிரித்தார். 1872 ஜனவரி 25 அன்று திறந்த சத்திய ஞானசபைக்குள் புலால் விட்டவர்கள் மட்டுமே நுழையலாம் என்றார். ஆனால் பசி என்று வந்தால், புற இனத்தாருக்கும் சோறு போட்டே ஆக வேண்டும் என்றார். சாதி, மதம், தேசம், நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது. கட்டுப்பாடு சங்கத்தாருக்கு, சாப்பாடு எல்லாருக்கும். சேர்ந்தவன் கடமையை எடுத்துக்கொள்ள, சேராதவன் பலனைப் பெறும் சங்கம் இது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஏற்பாடு நடைமுறையில் நிற்கிறது என்பதுதான் எனக்கு வடலூரின் மற்ற எல்லா அற்புதக் கதைகளையும்விடப் பெரிதாகத் தோன்றுகிறது.


சாவு வீட்டுக்கு ஓர் அறிவிப்பு

பரஸ்பர உதவிச் சங்கங்களின் முதல் வேலை எங்கும் அடக்கச் செலவுதான். தமிழ்நாட்டில், இலங்கையில், மலேசியத் தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் இல்லாத ஊர் குறைவு. துணிப்பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் சங்கத்துப் பொதுச் சொத்தாக இருக்கும். ஒரு வீட்டில் சாவு என்றால், கேட்காமலே வந்து இறங்கும்.

வள்ளலார் வேறு வழியில் போனார். செலவுக்குப் பணம் சேர்க்கச் சொல்லவில்லை. அவர் சொன்ன முறையில் செலவே குறைந்துவிடும். 1871இல் சங்கத்தாருக்கு அவர் விடுத்த அறிவிப்பைப் படித்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கும். இறந்தவரை எரிக்காமல் புதைக்க வேண்டும். கருமாதி, திதி என்று சடங்கு எதுவும் வேண்டாம். கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்கக் கூடாது. மனைவி இறந்தால் கணவன் மறுமணத்துக்கு அலையக் கூடாது. தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவித்து, ஒரு நாள் குறித்து, வந்தவர்களுக்கு முடிந்த மட்டும் சோறு போட்டால் போதும்.

தாலி வாங்கும் சடங்கை ஒருமுறையாவது கிட்டே இருந்து பார்த்தவர்களுக்கு இந்த அறிவிப்பின் கனம் புரியும். ஒரு பெண்ணை நடுக்கூடத்தில் உட்கார வைத்து, வளையலை உடைத்து, பூவை எடுத்து, ஊரே சூழ்ந்து அழுகிற அந்த வேளையில், நிறுத்துங்கள் என்று சொல்லும் துணிவு இன்னும் பல வீடுகளில் வரவில்லை. கடனை வாங்கிப் பதினாறாம் நாள் விருந்து வைக்கும் வழக்கமும் போகவில்லை. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி தரும் தொகையைவிட இந்த அறிவிப்பு பல ஏழைக் குடும்பங்களுக்கு அதிகப் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கும். பின்பற்றியிருந்தால்.


தலைக்கட்டு

கடலூரிலிருந்து கிள்ளை வரைக்கும் கடற்கரை மீனவ ஊர்களில் இன்றும் நடப்பில் இருப்பது ஊர்ப் பஞ்சாயத்து வரி. திருமணமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஒவ்வொரு தலைக்கட்டும் ஊர்ப் பொதுவுக்கு வரி கட்ட வேண்டும். கோயில் திருவிழாவும் வழக்குச் செலவும் ஊர் வேலையும் அதிலிருந்துதான் நடக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வெளியிலிருந்து வந்த நிவாரணப் பொருளைப் பல ஊர்களில் இந்தப் பஞ்சாயத்துகளே வாங்கி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தன. கணவனை இழந்த பெண்கள் அந்தக் கணக்கில் விடுபட்டுப் போகும் குறை அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. நியாயமான குறை. தலைக்கட்டு என்றால் ஆண்தான் என்று இருக்கும் வரை அது தீராது.


1872

ஞானசபை திறந்த அதே ஆண்டில் சென்னையில் மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்ட் தொடங்கியது. உறுப்பினர்கள் போடும் பணத்தை உறுப்பினர்களுக்கே கடனாகக் கொடுக்கும் நிதி.

இத்தகைய நிதிகளையெல்லாம் ஆராய்ந்தவர் ஃபிரெடெரிக் நிக்கல்சன். கந்துவட்டியிலிருந்து விவசாயியை மீட்க என்ன வழி என்று சென்னை அரசு கேட்டதற்கு, ஜெர்மனியின் ரைஃபைசன் கூட்டுறவு முறையைப் பரிந்துரைத்து 1895இலும் 1897இலும் அறிக்கை கொடுத்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கமும், திருவல்லிக்கேணியில் இன்று டியுசிஎஸ் என்று நாம் அறியும் பண்டகசாலையும் பிறந்தன.


ஒரு பிடி அரிசி

விருதுநகரில் 1889இல் நாடார் உறவின்முறையினர் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்குப் பெரிய பணக்காரர்களை நம்பி மட்டும் பணம் வரவில்லை. வீட்டுக்கு வீடு உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அதைத் திரட்டி விற்றுப் பள்ளி நடந்தது. வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். இதே மகமைப் பழக்கம் வளர்ந்துதான் 1910இல் நாடார் மகாஜன சங்கமும் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் வந்தன. அந்த வங்கிதான் 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

பிடியரிசியில் நடந்த அந்தப் பள்ளியில் படித்த காமராஜர் முதலமைச்சராகி, 1956இல் மதிய உணவுத் திட்டத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொண்டு வந்தார்.

சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கியபோது நிலைமை இன்னும் கடினம். மகமை எடுத்து வைக்கக் கடையும் இல்லாத, உழுது பிழைத்த மக்களின் பிள்ளைகளுக்காக அவர் பள்ளியும் விடுதியும் நடத்தினார். அந்த விடுதியில் தங்கிப் படித்து வெளியே வந்தவர்களின் குடும்பங்கள் கடலூர் மாவட்டம் முழுக்க இருக்கின்றன.


ஜோகன்னஸ்பர்க்கில் தமிழ்ச் சங்கம்

தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ட்ரூரோ. சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. பின்னர் போனவர்களில் தென்னார்க்காடு, வடஆர்க்காடு மாவட்டத்தார் ஏராளம். எங்கள் கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களின் பெயர்கள் அந்தக் கப்பல் பதிவேடுகளில் கிடக்கின்றன.

அங்கே ஜோகன்னஸ்பர்க்கில் தமிழ் பெனிஃபிட் சொசைட்டி என்று ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர் தம்பி நாயுடு. காந்தியின் சத்தியாகிரகத்தில் கைதாகிக் கைதாகிச் சிறைக்குப் போனவர். நோய்க்கும் சாவுக்கும் உதவ ஏற்பட்ட சங்கத்து மனிதர்கள் போராட்டத்தின் முதுகெலும்பாக மாறினார்கள். 1913 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நேட்டாலின் நியூகாசில் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். ஒப்பந்தம் முடிந்த கூலி மீது விதித்த மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்து வேலையை விடுங்கள் என்றார்கள். சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6ஆம் தேதி காந்தியோடு எல்லை தாண்டி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள்.

அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அவர் பின்னால் நின்ற சங்கத்தைப் பற்றிப் பாடப்புத்தகம் ஒரு வரி சொன்னால் நன்றாக இருக்கும்.


பத்து வெள்ளியில் தோட்டம்

மலாயா விடுதலை அடைந்த பின் வெள்ளைக்காரத் துரைகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். மூன்று தலைமுறையாகப் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களுக்கு வேலையும் போயிற்று, லயத்து வீடும் போயிற்று. மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மாதம் பத்து வெள்ளி, அதாவது பத்து மலாயா டாலர், எடுத்து வையுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மறு ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. ஹேசில்டன் சங்கத்தோடு ஒப்பிடத் தமிழரிடையே ஒன்றைக் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். கையில் இருந்தது கூலி மட்டுமே என்ற நிலையில் கூலியைச் சேர்த்து நிலமாக்கியவர்கள்.


ஆடி மொய்

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்தில் கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பணம் தேவைப்படுகிறவர்கள் பந்தல் போட்டு ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். மொய் எழுத மேசை வரிசை தனியாக இருக்கும். எழுதியதை எழுதியவருக்கு அவருடைய முறை வரும்போது கூட்டித் திருப்ப வேண்டும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம்தான். கடலூர் மாவட்டத்தில் இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் கல்யாண மொய் நோட்டைப் பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டும் வீடுகள் உண்டு.


ஓமந்தூரார் எங்கே போனார்?

1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவியை விட்டதும் வந்து தங்கிய ஊர் வடலூர். இங்கே சுத்த சன்மார்க்க நிலையம் ஏற்படுத்திப் பள்ளிகள் நடத்தினார். வள்ளலார் தம் காலத்திலேயே சன்மார்க்க போதினி என்ற பாடசாலை தொடங்கித் தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றும் எல்லா வயதினருக்கும் கற்பிக்க எண்ணியவர். பாமரருக்குத் திருக்குறள் வகுப்பும் நடத்தச் செய்தவர். அந்த வேலையை ஒரு முன்னாள் பிரதமர் கையில் எடுத்தது பொருத்தம்தான்.


தைப்பூசம் வருகிறவர்களுக்கு

தைப்பூசத்தன்று ஞானசபையில் கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என ஏழு திரைகளும் விலகி ஜோதி தரிசனம் நடக்கும். காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் விடியல் 5.30 என்று ஆறு காலம். மாதப் பூசத்தில் ஆறு திரைதான் விலகும். தைப்பூசத்தன்று தமிழ்நாடு முழுக்க மதுக்கடைக்கும் இறைச்சிக் கடைக்கும் விடுமுறை. வள்ளலார் பிறந்த அக்டோபர் 5ஆம் தேதியை 2021இல் தமிழக அரசு தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது.

கூட்டத்தில் ஜோதியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஞானசபைத் திடலான பெருவெளியைச் சுற்றியிருக்கும் அன்னதானப் பந்தல்களையும் பார்க்க வேண்டும். சேலத்திலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த சன்மார்க்க சங்கத்தார், லாரி டிரைவர்கள், அரிசி மண்டிக்காரர்கள், ஒரு தெருவே சேர்ந்து வாடகைக்கு எடுத்து வந்த அண்டாக்கள். சாம்பார் சாதம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். சாப்பிடுகிறவரைத் தேடி உணவு போடுகிறவர் ஓடும் இடம் வேறெங்கும் நான் கண்டதில்லை.

மூன்றாம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் திருவறை தரிசனம். 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் உள்ளே சென்று தாழிட்டுக்கொண்ட அறை அது. வடலூரிலிருந்து அவருடைய பொருள்கள் அடங்கிய பேழையைப் பல்லக்கில் வைத்துக் கருங்குழி வழியாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். வழிநெடுக ஊர்க்காரர்கள் திண்ணையில் மோரும் பானகமும் வைத்திருப்பார்கள். கூடவே நடக்க விரும்புகிறவர்கள் அதிகாலையிலேயே வடலூர் வந்துவிடுவது நல்லது. விருத்தாசலம் கடலூர் ரயில் பாதையில் வடலூருக்கு நிலையம் உண்டு.